நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்

பல் டாக்டர் வீட்டுக் கூடத்தில் குண்டு விழத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு. நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் விழுந்தது. திங்கட்கிழமை வரை அது கூடத்தின் நடுவே மரத் தாங்கியில் சாதுவாகப் படுத்திருந்தது. மறுநாள் செய்தித்தாளோடு உள்ளே வந்த டாக்டர், தாங்கி காலியாக இருப்பதைக் கண்டு, திருட்டுப் போய்விட்டது என்று நெஞ்சில் கைவைத்தபடி நிமிர்ந்தார். வால் கூரையைத் தொட, மூக்கு தரையைப் பார்க்க, குண்டு தலைக்கு மேல் நின்றது. கயிறும் இல்லை, கம்பியும் இல்லை. அப்பாடா, திருட்டுப் போகவில்லை என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மில்லிமீட்டர் விஷயத்தைக் கண்டுபிடித்தவர் அவருடைய மனைவி, பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். சுவரில் பென்சில் கோடு போட்டு ஒரு வாரம் அளந்தார். கூரை பதினோரு அடி, குண்டு மூன்றடி, மிச்சம் எட்டடி. ஆறு வருஷம் எட்டு மாதத்தில் தரையைத் தொடும் என்று, பால்காரர் வரமாட்டார் என்று சொல்கிற குரலில் சொன்னார்.

டாக்டருக்கு இந்தப் பைத்தியம் பிடித்து அப்போது பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. வீட்டின் முன்னறை கிளினிக், பின்னறை பட்டறை. முன்னறையில் சொத்தைப் பல், பின்னறையில் துருப்பிடித்த போர். நசுங்கிய இரும்புத் தொப்பி, சிப்பாய்களின் தண்ணீர்க் குப்பி, விஷவாயு முகமூடிப் பெட்டி, வெடித்து ஓய்ந்த பீரங்கித் தோட்டாவின் பித்தளைக் கூடு என்று செத்த சாமான்களாகத் தேடித் தேடிக் கொண்டுவருவார். வினிகரில் ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, மூன்று கை வண்ணம் அடித்து, பழைய எழுத்துகளை அச்சுத் தகடு வைத்து மறுபடி எழுதுவார். இதே கிறுக்குப் பிடித்த பதினேழு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதில் ஒருவர்கூடப் படையில் இருந்ததில்லை. தலைவர் ஊசி போட்டாலே மயங்கி விழுகிறவர். ஆனால் எந்த வருஷத்துத் தொப்பிக்கு எந்தப் பச்சை என்று கேட்டுவிட்டால் போதும், சோறு தண்ணி இல்லாமல் சண்டை போடுவார்கள்.

இந்தக் குண்டு, பழைய விமானத் தளம் ஒன்றைக் காலி செய்தபோது இரும்புக்கடைக்கு வந்தது. போரின்போது மேலிருந்து போடப்பட்டு, வெடிக்காமல் மண்ணில் புதைந்து கிடந்தது. அரசாங்க ஆட்கள் உள்ளே இருந்ததையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, இது செத்துவிட்டது என்பதற்கு அடையாளமாக விலாவில் கட்டைவிரல் நுழைகிற அளவு ஒரு துளை போட்டு, முத்திரை குத்திய சான்றிதழும் கொடுத்திருந்தார்கள். அந்தத் துளையை விட்டுவைப்பதுதான் எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். டாக்டரும் ஐந்து மாதம் விட்டுவைத்தார். ஆனால் முப்பது வருஷமாக ஓட்டையைக் கண்டால் அடைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சுத்தம் செய்து, ஈயம் வைத்து, பட்டி பூசி, இழைத்து, மேலே வண்ணம் அடித்துவிட்டார். கண்காட்சியில் நடுவர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் துளை இருந்த இடம் தெரியவில்லை. முதல் கோப்பை கிடைத்தது. கோப்பை வந்த மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. டாக்டர் ஏணி போட்டு ஏறி, பல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல் அதைத் தட்டினார். முன்பெல்லாம் காலிக் குடம்போலக் கணீரென்று ஒலித்தது, இப்போது மந்தமாக ஒலித்தது. தான் செத்துப்போனது குண்டுக்கே மறந்துவிட்டது.

சான்றிதழ் கொடுத்த இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சான்றிதழில் உள்ள குண்டுக்குத் துளை உண்டு, இதற்குத் துளை இல்லை, ஆகவே இது அந்தக் குண்டு இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். உயிருள்ள குண்டுகளைக் கவனிக்கும் இலாகாவோ, பதிவேட்டில் இல்லாத குண்டைத் தாங்கள் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை என்றது. குண்டு விழுந்து முடியும்வரை அபாயச் சங்கு ஊத வேண்டும் என்று மட்டும் ஒரு விதி இருந்தது. ஆறு வருஷம் இடைவிடாமல் ஊதினால் தூங்குவது எப்படி என்று தெரு முழுக்கச் சண்டைக்கு வந்ததால், தினமும் காலை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் என்று சமரசம் ஆயிற்று. தெருவே அதை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டது. எட்டு ஆட்கள் கயிறு கட்டி இழுத்தும் குண்டு அசையவில்லை. சங்கத்தார் பதினேழு பேரும் வந்து, வட்டமாக நின்று, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். கடைசியில் தலைவர் பெருமூச்சு விட்டார்.

“வால் பக்கம் பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கு டாக்டர்.”

டீச்சர் அப்போது சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். “இது யார் தலையில விழ வேண்டியதுங்க?” என்று கேட்டார். தலைவர் கையோடு கொண்டுவந்திருந்த தடித்த புத்தகத்தைப் புரட்டினார். எடை இருந்தது, நீளம் இருந்தது, திருகாணியின் அளவுகூட இருந்தது. அந்த விவரம் மட்டும் இதில் போடவில்லை என்றார்.

வழி ஒன்றுதான் என்பது டீச்சருக்கு அன்றைக்கே தெரியும். அதே இடத்தில் மறுபடி துளை போட வேண்டும். அந்த இடம் டாக்டர் ஒருவருக்குத்தான் தெரியும். டாக்டரோ, நல்ல அடைப்பை எடுப்பது தொழிலுக்கே துரோகம், அதுவும் கோப்பை வாங்கிய அடைப்பு, ஆறு வருஷம் இருக்கிறதே, பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்று அவர் சொன்னால் பார்க்கமாட்டார் என்று இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் டீச்சருக்குத் தெரியும். அழவில்லை, கத்தவில்லை, அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டி கட்டவும் இல்லை. தன் சாய்வு நாற்காலியைக் கூடத்தின் நடுவே, நேராகக் குண்டுக்கு அடியில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அடியில ஒரு ஆள் இருந்தாத்தான் இது குண்டுன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க துளை போடுற அன்னிக்கு எழுந்திருக்கேன்.”

பள்ளிக்கும் சமையலுக்கும் போக மிச்ச நேரமெல்லாம் அங்கேதான் இருந்தார். தாள் திருத்துவதும் காய் நறுக்குவதும் மகளோடு போனில் பேசுவதும் அங்கேயே நடந்தன. முதல் வருஷம் வந்தவர்களுக்கு உள்ளே காலெடுத்து வைக்கப் பயமாக இருந்தது. இரண்டாம் வருஷம் பழகிவிட்டது. மெதுவாக வருகிற எதற்கும் மனிதர்கள் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள், வெட்கமே கிடையாது. மூன்றாம் வருஷம், நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் விழும் குண்டு எப்போது தரையைத் தொடும் என்ற கேள்வி பொதுத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு வந்தது. டாக்டர் வாரம் தவறாமல் ஏணியில் ஏறிக் குண்டைத் துடைத்தார். பாலிஷ் சொட்டு கீழே திருத்திய தாள்மேல் விழுந்தால், “பாத்துங்க” என்பார் டீச்சர். டாக்டர் குண்டைத்தான் பார்த்தார். நான்காம் வருஷம் சாய்வு நாற்காலி போய்ச் சாதா நாற்காலி வந்தது, ஐந்தாம் வருஷம் குட்டி ஸ்டூல். அப்புறம் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார். அதற்கும் இடம் போதாமல் ஒரு நாள் தலையணை எடுத்துவந்து மல்லாந்து படுத்துக்கொண்டார். டாக்டருக்கு ஏணி தேவைப்படவில்லை, வேலை சுலபமாகிவிட்டது என்று சங்கக் கூட்டத்தில் சொல்லிச் சந்தோஷப்பட்டார். மனுஷன் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணாந்தே பழகிய கண், அவ்வளவுதான்.

ஆறாம் வருஷ முடிவில், ஒரு சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு, குண்டின் மூக்குக்கும் டீச்சரின் மார்புக்கும் நடுவே ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது. டாக்டர் மூக்கைத் துடைக்க முழங்காலிட்டார். துடைக்கும்போது கை தவறி விரல் அவர்மேல் பட்டது. டீச்சருக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயில் இடப்பக்கம் ஒரு கடைவாய்ப் பல் இல்லை. டாக்டரின் கை அப்படியே நின்றது.

“இது எப்ப போச்சு?”

“மூணு வருஷம் ஆச்சு. வலி தாங்கல. அடுத்த தெரு டாக்டர்கிட்ட போய் எடுத்துக்கிட்டேன்.”

“என்கிட்ட ஏம்மா சொல்லல?”

“சொன்னேன். நீங்க ஏணி மேல இருந்தீங்க.”

ஊர் வாயையெல்லாம் திறந்து பார்த்தவர், சொந்த வீட்டு வாயில் ஒரு பல் போனதைப் பார்க்கவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. டீச்சரின் முடி நரைத்திருந்தது, கழுத்து சுருங்கியிருந்தது, எல்லாவற்றையும் அப்போதுதான் பார்த்தார். எழுந்து முன்னறைக்குப் போய், காத்திருந்த இரண்டு பேரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, துளையிடும் கருவியை எடுத்துவந்தார். மனைவிக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, கண்ணை மூடி விலாவைத் தடவி இடத்தைப் பிடித்தார். கருவியைச் சுழல விட்டதும் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“வலிச்சாக் கையைத் தூக்கும்மா.”

“ஆறு வருஷமாத் தூக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

கண்ணீர் பக்கவாட்டில் வழிந்து காதுக்குள் போக, டாக்டர் தன் வாழ்நாளின் ஆகச் சிறந்த அடைப்பைத் தோண்டி எடுத்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று. பட்டி உதிர்ந்து, ஈயம் சுருண்டு விழுந்து, உள்ளே ஆறு வருஷமாக அடைபட்டுக் கிடந்த காற்று புஸ்ஸென்று வெளியே வந்தது. தட்டிப் பார்த்தார், கணீரென்றது. கை கால் மரத்துப்போன டீச்சரை அக்குளில் கைகொடுத்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்து, பாதங்களை மடியில் வைத்து நீவிவிட்டார். அவர் எழுந்து நடக்கச் சாயங்காலம் ஆனது.

குண்டு தரைக்கு இறங்கவில்லை, மேலேயும் போகவில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறது. துளை போட்ட பொருளுக்குப் பரிசு இல்லை என்று சங்கம் கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. நிறுத்தச் சொல்லி உத்தரவு வராததால் சங்கு இன்னும் பத்து மணிக்கு ஊதுகிறது. மகள் விடுமுறைக்கு வந்தால் குண்டின் வால்மீது துண்டு காயப்போடுகிறாள். அதன் மூக்குக்கும் தரைக்கும் நடுவே ஒரு ஜாண் இருக்கிறது, தூசி அங்கேதான் அதிகம் சேர்கிறது. தினமும் காலையில் குனிந்து, கையை உள்ளே விட்டு அந்த இடத்தைப் பெருக்குவது இப்போது டாக்டரின் வேலை.