இருபத்தாறு கிலோ

எடைக்காரன் பந்தயத்துக்காகத் தன் குட்டிக் காரை ஆறு மாதமாக உரித்துக்கொண்டிருந்தான். தராசு பழுதுபார்ப்பது தொழில். கழற்றியதையெல்லாம் நிறுத்து ஃப்ரிட்ஜ் கதவில் எழுதினான். ஸ்டெப்னி பதினான்கு. ஏசி பதினெட்டு. தரை விரிப்பு ஏழு. பின் சீட் இருபத்தேழு.

பின் சீட் ஹாலுக்கு வந்தது. கீழே இரண்டு கட்டைகள் வைத்தான், சோபா ஆயிற்று. பழைய சோபாவின் கால் ஒடிந்தபோது, புதிது வாங்கக் கிளம்பியவன் இன்ஜினுக்கு வேகம் கூட்டும் டர்போவோடு திரும்பியிருந்தான்.

அந்த சீட் சோபாவில் மாமியார் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில், கூம்புகள் வைத்து வளைத்த பாதையில் ஒவ்வொரு வண்டியாக ஓட வேண்டும். நேரம் குறைந்தவனுக்கு வெற்றி. மனைவியின் அண்ணனும் ஓடுகிறான். போன வருடம் மூன்று தடவை எடைக்காரனை மண்ணைக் கவ்வ வைத்தவன்.

மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். “எங்கண்ணன ஜெயிச்சா வண்டி உங்க இஷ்டம். தோத்தா, கழட்டினதெல்லாம் திரும்ப மாட்டணும். எனக்கு ஏசி, அம்மாவுக்கு நிஜ சோபா.”

ஞாயிறு காலை பத்து மணிக்கு வண்டியை ஓடுதளத்து எடைமேடையில் ஏற்றினான். பந்தயப் பரிசோதகர் எண்ணைப் பார்த்தார்.

“இருபத்தாறு கிலோ குறையுது.”

“ஆறு மாச உழைப்பு சார்.”

“நான் பாராட்டல. இந்தப் பிரிவுக்குக் குறைஞ்சபட்ச எடை இருக்கு. அதுக்குக் கீழ ஓட விடமாட்டோம்.”

விதிப்புத்தகத்தில் டர்போ, டயர், சைலன்சர் பக்கங்கள் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ‘எடை’ என்ற தலைப்பைப் பார்த்ததும், நமக்குத் தெரியாத எடையா என்று பக்கத்தைத் தள்ளியிருந்தான்.

மச்சான் வந்து எட்டிப் பார்த்தான். “என்ன மாப்ள, வண்டியப் பட்டினி போட்டே கொன்னுட்டியா?”

“தராசு தப்பு,” என்றான் எடைக்காரன்.

பரிசோதகர் மேடையின் பக்கவாட்டைக் காட்டினார். ஈய முத்திரை. போன மாதம் சரிபார்த்து அதை அடித்தவன் அவனேதான்.

“தப்புன்னு எழுதித் தாங்க. பந்தயத்தத் தள்ளி வச்சிரலாம்.”

எழுதலாம். அப்புறம் எந்தக் கடைக்காரன் அவனிடம் தராசைக் கொடுப்பான்? முத்திரையைக் கட்டைவிரலால் தடவினான்.

“தராசு சரிதான்.”

“பதினொன்றரை வரைக்கும் டைம். எத ஏத்தினாலும் போல்ட் போட்டு இறுக்கியிருக்கணும். மண்மூட்டை ஆகாது.”

போல்ட் போட்டு இறுக்கக்கூடிய இருபத்தேழு கிலோ ஹாலில் இருந்தது. வீடு இருபது நிமிடம். ஓட்டினான்.

“எந்திரிங்க அத்தை. சீட்டு வேணும்.”

“எதுக்கு மாப்பிள்ளை?”

சொன்னான்.

“என் பையனத் தோக்கடிக்க நான் எந்திரிக்கணுமா?”

“இல்லன்னா உங்களையும் சேத்து போல்ட் போட்டுருவேன்.”

மாமியார் யோசித்தாள். “அப்ப நான் எங்க உக்காருறது?”

“அதுலயேதான்,” என்றாள் மனைவி, செருப்பை மாட்டிக்கொண்டே. “சீட்டு எங்க போகுதோ அங்க நீயும் வாம்மா.”

பதினொன்று இருபதுக்குச் சீட்டு மாட்டிய வண்டியில் மூவரும் மேடையேறினார்கள். எண் தாராளமாக இருந்தது.

“வண்டிய மட்டும் எடை போட்டா போதும்,” என்றார் பரிசோதகர்.

இறங்கினார்கள். ஒரு கிலோ மிச்சம்.

பயிற்சியில் வண்டியின் பின்பக்கம் வளைவுக்கு வளைவு வாலாட்டும். பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பான். இன்று சீட்டின் எடையில் அது மாமியாரைப் போலத் தரையோடு உட்கார்ந்துகொண்டது. கடைசி வளைவிலும் அவன் காலை எடுக்கவில்லை. மச்சானைவிட அரைக்கால் நொடி குறைவு.

“சீட்ட மாட்டியா ஜெயிச்ச?” என்றான் மச்சான். “அப்ப எதுக்கு மாப்ள கழட்டின?”

எடைக்காரன் சீட்டைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தான். வண்டி இனி அவன் இஷ்டம்.

“அடுத்த பந்தயத்துக்கும் இதே எடைதான்,” என்றார் பரிசோதகர்.

ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

அன்று மாலை ஹாலில் இரண்டு கட்டைகள் மட்டும் கிடந்தன. மாமியார் அவற்றைப் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். வாசலில் நின்ற வண்டியின் பின் சீட்டில் போய் ஏறிக்கொண்டாள்.

“டிவி சத்தத்தக் கூட்டுடி. சன்னலத் திற.”

அவள் ஏறியதும் வண்டி இரண்டு விரல் தாழ்ந்தது. எடைக்காரன் தொழில் புத்தியில் மனதுக்குள் நிறுத்துப் பார்த்தான். எண்ணை வெளியே சொல்லவில்லை.