ஜன்னலோரக் கம்பி

ரஷ்யாவில் எங்கள் பெர்ம் நகர நாடக அரங்கில் இருபது வருஷம் பாலே ஆடினால் ஓய்வூதியம். எனக்கு முப்பத்தெட்டு வயதில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் மூன்று வருஷம் சுவரோடுதான் பேச்சு. அங்கே ஆடுகிறவர்களுக்குக் காலைப் பயிற்சி வகுப்பு எடுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டபோது காலில் விழாத குறையாக ஒத்துக்கொண்டேன். சொல்லிக்கொடுக்கும் ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. எங்கள் கூட்டத்துக்கு நடுவே மறுபடி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாள் உள்ளே போனதும் நேரே ஜன்னலோரம் போய், ஆடுகிறவர்கள் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்யும் கம்பியில் இடது கையை வைத்து நின்றுவிட்டேன். இருபது வருஷம் நின்ற இடம். ஒருத்தர் இடத்தில் இன்னொருத்தர் நிற்பது எங்களில் கிடையாது; கொலையைக்கூட மன்னிப்போம், அதை மாட்டோம். எனக்குப் பின்னால் ஃபாயினா. என்னைவிட ஆறு வயது சின்னவள், இன்னும் ஆடுகிறாள். அந்தக் காலத்தில் பயிற்சி முழுக்க என் காதில் ஊர்வம்பு ஓதுவாள். "ஏண்டி நெல்லி, இதென்ன இடுப்பா, மாவு மூட்டையா?" என்று கிள்ளுவாள். அன்றைக்கும் அந்தக் கிள்ளலுக்குக் காத்திருந்தேன்.

தோளில் துண்டோடு ஒரு புதுப்பெண் என் முன்னால் வந்து தவித்தாள்.

"மேடம், அது... என் இடங்க."

பியானோக்காரர் கையைத் தூக்கியபடி என்னையே பார்த்தார். வகுப்பைத் தொடங்க வேண்டியவளே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் அவர்தான் என்ன செய்வார்? யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

கண்ணாடிப் பக்கம், டீச்சர் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றேன். அங்கே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வந்த கோபத்தை ஃபாயினாமேல் காட்டினேன்.

"ஃபாயினா! முட்டி மடங்குது, தெரியல? தூங்கிட்டே ஆடுறியா?"

அவள் முகம் சிவந்தது. "சரிங்க, நெல்லி அர்கதியெவ்னா" என்றாள். டீச்சர்களைத்தான் அப்பா பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவோம்.

வகுப்பு முடிந்ததும் வழக்கப்படி எல்லோரும் கைதட்டிவிட்டுக் கேன்டீனுக்கு ஓடினார்கள். நானும் தேநீரை வாங்கிக்கொண்டு அவர்கள் மேஜைக்குப் போனேன். பேச்சு நின்றது. ஃபாயினா எழுந்து, ஒரு காலைப் பின்னால் இழுத்து, பாலே பள்ளிப் பிள்ளைகள் டீச்சருக்குச் செய்வதுபோலத் தலை தாழ்த்தி வணங்கினாள்.

அவளுடைய பழைய கேலி என்றுதான் நினைத்தேன். சந்தோஷம் பொங்கியது. "போடி கழுதை!" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். நான் அங்கிருந்து நகரும்வரை யாரும் உட்காரவில்லை.