தருமலிங்கத்தின் இரண்டாவது கொலை

பொன்னேரியில் நடந்த முன்பிறவி முகாமுக்குக் காந்தா போயிருக்கவே வேண்டாம். இலவசம் என்றதும் ஊரே வேன் ஏறியது, இவளும் தொற்றிக்கொண்டாள். தலையில் கருவியை மாட்டிய ஐந்தாவது நிமிடம், இருபத்தாறு வருஷத்துக்கு முன் பழவேற்காட்டு ஏரியில் கழுத்து நெரிபட்டுச் செத்த ஏகாம்பரம் தான்தான் என்று தெரிந்துபோனது. நெரித்தவன் முகமும் திரையில் வந்தது. ஏகாம்பரத்தின் கூட்டாளி தருமலிங்கம், இன்றைக்குப் பசியாவரத்தில் நாலு படகு வைத்திருக்கும் பெரிய மனுஷன். முன்பிறவிச் சாட்சியைக் கோர்ட்டு ஏற்கத் தொடங்கி ஒரு வருஷம் ஆகிறது. திங்கட்கிழமை காந்தா வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

பெரிய மனுஷன் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பானா? சனிக்கிழமை காலையே வந்துவிட்டான்.

ஐந்து மாதக் கர்ப்பத்தோடு காந்தா தண்ணீரில் குந்தி, இறால் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்தவன் மயிரைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினான். கத்தி தோளில் இறங்கியது. கலங்கலில் அவள் கைக்கு அவன் கணுக்கால் அகப்பட்டது. ஒரே இழுப்பு. மல்லாக்க விழுந்தான், கத்தி சேற்றுக்குள் போனது.

இரண்டு பேரும் அதைத் தேடினார்கள். படகில் உட்கார்ந்து ஆளை ஏவிப் பழகியவனுக்கு ஏரியின் அடி என்ன தெரியும்? காந்தாவுக்கு மூன்றே துழாவல்தான். எடுத்து அவன் தொடையில் ஏற்றித் திருகினாள். தண்ணீர் சிவந்தது. அடுத்தது நெஞ்சுக்கு ஓங்கினாள்.

அவன் சிரித்தான்.

"குத்து. முகாம்ல இன்னா சொன்னாங்க? வயித்துல இன்னும் அசையாத கொழந்த பக்கத்துல இருந்தா, சாவுற உயிரு அதுலதான் பூரும்னு சொல்லல? உன்னுது அசையலன்னு ஊரே பேசுது. ஜெயிலுக்குப் போறதுக்கு உன் மடியில பால் குடிக்கறது மேலு."

காந்தா ஓங்கிய கையை நிறுத்தினாள். முகாமில் அதைப் படம் போட்டே காட்டியிருந்தார்கள். கொல்ல வந்தவனைக் காப்பாற்றியாக வேண்டிய கேடுகெட்ட நிலைமை. கத்தியை வீசிவிட்டு, முந்தானையைக் கிழித்து அவன் தொடையில் இறுக்கினாள். அக்குளில் கைகொடுத்து மணல்திட்டுக்கு இழுத்தாள். சாக நினைத்தவன் சும்மா வரவில்லை. அவள் கையைக் கடித்தான், வயிற்றில் உதைக்கப் பார்த்தான், கட்டை அவிழ்க்கப் போனான். அவிழ்க்கப் போன விரல்களை ஒவ்வொன்றாக முறித்தாள். அவன் அலறியது அவளுக்கு ஆறுதலாகவே இருந்தது.

திட்டில் போட்டபோது கட்டு நனைந்து இளகிவிட்டது. முஷ்டியைக் காயத்துக்குள் வைத்து அமுக்கிக்கொண்டு, தூரத்து மோட்டார் படகைக் கூவி அழைத்தாள். படகு திரும்பியது. அவன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது, சிரிப்பு மட்டும் போகவில்லை. என் பிள்ளையை விட்டுவிடு என்று அவள் ஏரியிடமும் சாமியிடமும் கெஞ்சி அழுதாள்.

அப்போது வயிற்றுக்குள் ஏதோ துள்ளியது. பறிக்குள் இறால் துள்ளுமே, அவ்வளவுதான். மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். மறுபடியும் துள்ளியது.

காந்தா அவனைப் பார்த்தாள். கண் திறந்திருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது. அவன் உயிர் இன்னும் அவனிடம்தான் இருந்தது; உள்ளே துள்ளியது வேறு உயிர்.

"டேய் தருமா," என்றாள். ஏகாம்பரம் அவனை அப்படித்தான் கூப்பிடுவான். "கொழந்த அசைஞ்சிருச்சுடா."

அவன் சிரிப்பு நின்றது. முறிந்த விரல்களால் அவள் மணிக்கட்டைப் பிடிக்கப் பார்த்தான்.

"அமுக்கு, காந்தா. கைய எடுக்காத."

படகுச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. காந்தா கையை எடுத்து, ஏரித் தண்ணீரில் கழுவிக்கொண்டாள்.