ஒளித்து வைத்த ஸ்டிக்கர்கள்

என் கணவர் வேல்குமார் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் பணியாற்றுகிறார்; நானும் அங்கேதான் ஷிப்டு வேலை பார்க்கிறேன். ஆடையில் ஓட்டையோ கறையோ தென்பட்டால், அவ்விடத்தைச் சுட்டிச் சிறிய அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். அந்த ஸ்டிக்கர்கள் தொழிலாளர் உடைகளிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வருவது இயல்பு.

சென்ற மாதம் அவர் வேறுவிதமாகக் கூறத் தொடங்கினார்.

"என்னையக் குறி வெச்சுத்தான் ஒட்டறாங்க. யாருக்கோ அடையாளம் காட்டறாங்க."

"எம்பட சீலைலயுந்தான் ஒட்டியிருக்குதுங்க. என்னையுமா புடிச்சுட்டுப் போவாங்க?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப உன்னையும் சேத்துப்போட்டாங்களா?"

அதன்பின் நான் தவறிழைத்தேன். அவர் கண்ணில் படாதிருக்கட்டும் என்றெண்ணி, துணி துவைக்கையில் ஸ்டிக்கர்களைப் பிய்த்து, சோப்புத் தூள் டப்பாவுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். ஒருநாள் அவர் அவற்றைக் கண்டெடுத்தார். அன்றுமுதல் என்மீதும் ஐயம் கொண்டு, நான் சமைத்ததை அவர் உண்பதில்லை. பிரிக்காத பிஸ்கட் பொட்டலம் மட்டுமே அவரது உணவாயிற்று. நானோ ஷிப்டு முடிந்து வந்து சமைப்பதும், மறுநாள் அதைக் கொட்டுவதுமாகச் சோர்ந்துபோனேன்.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் செவிலியர் தெய்வாத்தாளிடம் முறையிட்டேன்.

"பொய்யின்னு சண்டை போடாதீங்க. நெசம்னு தலையாட்டவும் வேண்டாமுங்க. மனுசன் பயந்து கெடக்கறாரு. ஆரம்பத்துலயே கூட்டிட்டு வந்துருங்க" என்றார்.

மறுநாள் காலை அவர் எதிரே அமர்ந்தேன்.

"ஏனுங்க, அதை ஒளிச்சு வெச்சது நாந்தானுங்க. பாத்தா வேதனைப்படுவீங்கன்னு பண்ணுனேன். உங்ககிட்டச் சொல்லாமப் பண்ணுனது தப்புங்க."

அவர் என்னை உற்று நோக்கினார். "ஒட்டறது ஆரு?"

"வேணும்னு ஆரும் ஒட்டறதா எனக்குப் படலீங்க. ஆனா நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு? தூக்கத்துக்காவது டாக்டரைப் பாக்கலாமுங்க."

"அடைச்சுப் போட்டா?"

"நான் கூடவே இருப்பேனுங்க."

அவர் எழுந்து நீலச் சட்டையை மாட்டினார். "நீ முன்னால நட புள்ள. எனக்குப் பின்னால ஆரும் வரக் கூடாது."

நடந்தேன். திரும்பினால் நின்றுவிடுவாரோ என்ற அச்சத்தால் பேருந்து நிறுத்தம்வரை ஒருமுறையும் திரும்பவில்லை. பேருந்தின் முன்வாசலில் ஏறிக்கொண்டேன்.

நடத்துநரிடம் தணிந்த குரலில் கேட்டேன்: "பின்னால நீலச் சட்டை போட்டவரு ஏறீட்டாருங்களா?"

நடத்துநர் எட்டிப் பார்த்தார். "ஏறீட்டாருங்கக்கா. என்ன, ஊட்டுல சண்டையா?"

பெண்களுக்கு அந்தப் பேருந்தில் கட்டணமில்லை. கணவருக்கு மட்டும் மருத்துவமனைக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு, கிடைத்த இருக்கையில் அமர்ந்தேன்.