நான்கு ஈர்க்குகள்

"காரா வாங்கியிருக்க பிள்ளே நீ? கொளத்தை வாங்கிட்டு வந்திருக்க!"

செல்வமணி கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்த சேறு அவர் காலில் வந்து விழுந்தது. அக்டோபர் மழையில் ஆக்குளம் பக்கம் முங்கிக் கிடந்த வண்டி. இன்சூரன்ஸ்காரர்கள் கைகழுவி ஏலத்தில் விட்டதை, போனில் போட்டோ மட்டும் பார்த்து எடுத்தவள் அவர் மனைவி தங்கபாய். கரமனைப் பாலத்துக்கு அந்தப்புறம் இருவரும் சேர்ந்து நடத்தும் கார் ரிப்பேர் ஷெட் அது. அவளுக்கு வயரிங்கும் சீட்டும், அவருக்கு எஞ்சின்.

ஷெட் ஓடவில்லை. மஸ்கட்டில் ஒரு கராஜில் அவருக்கு வேலை காத்திருந்தது. "இது எழும்பினா நான் இங்க நிக்கேன். இல்லன்னா மஸ்கட்டுதான்" என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான், அவளுக்குத் தெரியும்.

"வெள்ளத்துல நிக்கும்போ எவனாவது சாவியத் திருப்பியிருந்தா தீந்து போச்சு, கேட்டியா? காத்தை அமுக்கலாம், வெள்ளத்தை அமுக்க ஒக்குமா? உள்ள பிஸ்டனைத் தள்ளுத கம்பி வளைஞ்சிரும். பொறவு பிஸ்டன் முழுசா மேல வராது."

"திருப்பாம இருந்திருக்கலாமில்லியா?"

"வண்டி கண்ணு முன்னால முங்குது. திருப்பிப் பாக்காத மனுசன் உண்டுமா? நீயே சொல்லு."

அவளாக இருந்தாலும் திருப்பியிருப்பாள்.

பிளக் நான்கையும் கழற்றி, தண்ணீரை வடித்து, எண்ணெய் விட்டு ஊறவைத்தார். துடைப்பத்திலிருந்து நான்கு ஈர்க்கு உருவி, ஒரே அளவாக நறுக்கி, பிளக் குழிக்கு ஒன்றாகப் பிஸ்டன் மேல் நிறுத்தினார். பிறகு ஸ்பானரோடு வண்டிக்கடியில் படுத்தார்.

"நான் கையால சுத்துதேன். நீ ஈர்க்கைப் பாரு."

முதல் ஈர்க்கும் நான்காவதும் ஒன்றாக எழுந்தன. ஒரே உயரத்தில் நின்றன. அவை இறங்க இறங்க இரண்டாவது மேலே வந்தது. மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது.

"என்ன, சத்தத்தைக் காணும்?"

"இருங்க." குனிந்து பார்த்தாள். ஈர்க்கு குழியின் ஓரத்தில் சாய்ந்து சிக்கியிருந்தது. விரல் நுனியால் நிமிர்த்தினாள். "இப்போ சுத்துங்க."

எழுந்தது. பக்கத்திலிருந்ததன் உயரத்துக்கே எழுந்தது. ஸ்டீல் ஸ்கேலை இரண்டின் தலையிலும் வைத்துப் பார்த்தாள். மட்டம்.

"அப்போ ஒருத்தன் சாவியத் திருப்பாம இருந்திருக்கான்!" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "யாருட்டி அந்த மகான்?"

எண்ணெயை மாற்றி மாற்றி ஊற்றினார்கள். வயர்களை வெயிலில் உலர்த்தினார்கள். ஆனால் வண்டியோடு சாவி வரவில்லை. பழைய சொந்தக்காரரின் நம்பரைத் தேடிப்பிடித்துத் தங்கபாய் கேட்டதும், அவர் மனைவி நாகலக்ஷ்மி சாவியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"அன்னிக்கு இது என் இடுப்புலன்னா இருந்தது! வாசல்ல இடுப்பளவு ஜலம். இவர் மாடிப்படில நின்னுண்டு, 'சாவியைத் தாடி, வண்டியை மேட்டுல ஏத்திடறேன்'னு கத்தறார். போனா போறது வண்டி, நீங்க இறங்கப்படாதுன்னுட்டேன். அதுலேருந்து முகம் குடுத்துப் பேசறதில்லை. வண்டியை முக்கினவளே நீதான்ங்கறார்."

தங்கபாய் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்பின் அறியாத ஒருத்தி, தன் புருஷனை வெள்ளத்தில் இறங்கவிடாமல் பிடித்து வைத்த கை. அதுதான் இந்த இரும்பையும் வளையாமல் பிடித்து வைத்திருக்கிறது.

"நீங்க முக்கல மாமி. நீங்களாக்கும் இதைக் காப்பாத்தினது."

செல்வமணி சாவியை வாங்கி உள்ளே உட்கார்ந்தார். திருப்பினார். வண்டி இருமியது. மறுபடி திருப்பினார். சைலன்சர் சேற்றுத் தண்ணீரைத் துப்பியது. பிறகு ஷெட்டின் தகரம் அதிர எஞ்சின் பிடித்துக்கொண்டது.

நாகலக்ஷ்மி பரபரத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டு பானட் பக்கம் நீட்டினாள். "கேளுங்கோ, உங்க வண்டிதான்!"

"கொஞ்சம் ஆக்சிலரேட்டர் குடுக்கச் சொல்லேன்" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

செல்வமணி கொடுத்தார். காலை எடுக்காமலே, மனைவி முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"மஸ்கட்காரனை நீயே போன்ல விளிச்சுச் சொல்லிரு பிள்ளே."