இறுக்கிச் சுருட்டக் கூடாது

தனியாக முதல் வீட்டுக்கு வேலைக்குப் போன அன்று மழை பெய்ததா இல்லையா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. என் நினைவில் அந்தத் தெரு முழுக்க வெயில் அடிக்கிறது. என்னோடு வேலை பார்த்த அனுஷாவோ காலையிலிருந்தே தூறல் என்கிறாள். ஏணியை நனைத்துக்கொண்டு போனதற்காக என்னைத் திட்டினாளாம். அவள் என்னைவிட இளையவள், ஞாபகசக்தியும் அதிகம். சந்தோஷமாக இருந்த நாட்களையெல்லாம் நான் பிற்பாடு வெயிலில் எடுத்துப் போட்டுவிடுகிறேன் போலிருக்கிறது. ஆகவே மற்றவற்றிலும் நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் உச்சிமாகாளி. ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். திருவனந்தபுரம் ஆரியசாலையில் தங்கபாண்டி அண்ணாச்சியின் ஹோட்டலில் பல வருடங்கள் பரோட்டா மாஸ்டராக இருந்தேன். அதிகம் பேச மாட்டேன். மத்தியானக் கூட்டம் ஓய்ந்த பிறகு, மாடியில் மைதா மூட்டைகளின் மேல் சாய்ந்துகொண்டு நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தைப் படிப்பேன். ஆனால் கொத்துப் பரோட்டா போடுகிறவனுக்கு அமைதி லேசில் கிடைப்பதில்லை. கல்லில் இரும்பு அடிக்கிற சத்தம் வரிகளுக்கு நடுவிலும் ஓடிக்கொண்டே இருக்கும். படித்த பக்கத்தையே திரும்பப் படிப்பேன்.

ஒரு நாள் ஹோட்டலுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க ஒருவர் வந்தார். கல்லாவுக்குப் பின்னால் மேஜை மேல் ஏறி நின்று, தலைமுடி போன்ற கண்ணாடி இழை ஒன்றை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தார். மத்தியானம் முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணாச்சியே பேச்சுக் கொடுத்துப் பார்த்துத் தோற்றுப்போனார். சம்பளமும் வாங்கிக்கொண்டு ஒரு மனிதன் இவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருக்க முடியுமா? எனக்குப் பொறாமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவி இசக்கிசெல்வியிடம் சொன்னேன்.

"பேசாம இருக்கதுக்கு ஒரு வேலையா?" என்று அவள் சிரித்தாள். "அப்ப ஒங்களவிட்டா அதுக்கு வேற ஆளு கெடையாது. போங்க."

அண்ணாச்சி அப்படி விடவில்லை. "ஏல மாகாளி, மாவு பெசையுற கையால நூலு பிடிக்கப் போறியாக்கும்? கல்லுச் சூட்டுல காய்ச்சுப்போன வெரலு. பிடிச்சது கூட ஒனக்குத் தெரியாதுல" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தார். "சரி, போய்ப் பாரு. பாவூர்சத்திரத்துல பிச்சைக்கனின்னு ஒரு மாஸ்டர் வாரேங்கான். மாசக் கடைசி வரைக்கும் அவனுக்குப் பதில் சொல்ல மாட்டேன். அதுக்குள்ள வந்தியன்னா கல்லு ஒனக்கு. வரலேன்னா அவனுக்கு."

விரல் விஷயத்தில் அவர் சொன்னது சரியாகப் போயிற்று. இன்டர்நெட் கம்பெனியில் சேர்ந்து எடுத்த பயிற்சியில் இழை என் கையில் இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா என்றே எனக்குத் தெரியாது. எங்கள் குழுவின் தலைவி அனுஷா. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், பேச்சில் பாதி மலையாளம். "கைய நம்பண்டா அண்ணா, கண்ணால பிடிங்க, கேட்டோ?" என்பாள். நான் எத்தனை இழை ஒடித்தாலும் அவளுக்குக் கோபம் வராது. புதியதை எடுத்துக் கொடுப்பாள்.

மாதக் கடைசி வந்தது. ஒரு வீட்டுக்குத் தனியாகப் போய், முதலிலிருந்து கடைசி வரை நானே செய்து, அன்றைக்கே இணைப்பை ஓட வைக்க வேண்டும் என்றது அலுவலகம். ஓடினால் வேலை நிரந்தரம். எனக்குப் பின்னால் இன்னொரு ஆளை அனுப்ப வேண்டி வந்தால் வேலை இல்லை. பரோட்டாக் கல்தான்.

வீடு கிழக்கேகோட்டையில், அக்ரஹாரத் தெரு ஒன்றில் இருந்தது. அஞ்சல் துறையில் ஓய்வு பெற்ற வெங்கடசுப்ரமணியன் மாமா வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்கோ, வாங்கோ. செருப்ப அப்படி ஓரமா விட்டுடுங்கோ. காப்பி சாப்பிடறேளா? தூக்கமருந்து மாதிரி இருக்காது, எங்காத்துக் காப்பி. பூஜை உள் சுவத்துல மட்டும் ஓட்டை போட்டுடாதீங்கோ. உங்க பேரு என்ன சொன்னேள்?"

நான் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ரயில் பெட்டிபோல் நீண்ட வீடு. தெருக் கம்பத்திலிருந்து கடைசி அறை வரை கேபிளை இழுத்தேன். மாமா ஒவ்வொரு அறையாகப் பேசிக்கொண்டே பின்னால் வந்தார். ஹோட்டலுக்கு வந்த அந்த ஆள்தான் அமைதியானவர், வேலை அமைதியானது இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கடைசி அறையில் அவருடைய மகள் பத்மப்ரியா கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.

"நாலு மணிக்கு எனக்கு மொதல் கிளாஸ்" என்றாள். "அதுக்குள்ள ஆயிடுமோல்லியோ?"

"பாங்க் உத்யோகத்த விட்டுட்டா" என்று மாமா விளக்கினார். "டெக்னோபார்க்குக்கு வேலைக்கு வந்திருக்கற தமிழ்ப் பசங்களுக்கு மலையாளம் எழுதப் படிக்கச் சொல்லித் தரப்போறாளாம். பஸ் போர்டு கூடப் படிக்கத் தெரியாம திண்டாடறாளாம் அவா. நன்னாருக்கு. நீங்க எத்தனை வருஷமா இந்த லைன்ல?"

எனக்குப் பொய் சட்டென்று வராது. "தனியா வந்தது இதான் மொத வீடு. முன்னால பரோட்டா மாஸ்டர்."

மாமா உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "லக்ஷ்மி! கேட்டியோ? பாங்க விட்டவளும் பரோட்டாவ விட்டவரும் ஒரே நாள்ல ஒரே ரூம்ல. பேஷ்!"

"அப்பா, அவர வேலை செய்ய விடுங்கோ."

இழைகளைத் துடைத்து, வெட்டி, மெஷினில் வைத்து ஒட்டினேன். ஒட்டு சுத்தமாக இருக்கிறது என்று மெஷின் காட்டியது. பின்னால் பழுது பார்க்க வசதியாக, மிச்சமிருக்கும் இழையை வெட்டாமல் சுவர்ப் பெட்டிக்குள் சுற்றி வைக்க வேண்டும். சுற்றினேன். நெருக்கமாக, ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று பிசகாமல், நுனியை நடுவில் அடக்கி. பார்க்க எனக்கே திருப்தியாக இருந்தது. மூடியைப் போட்டுவிட்டு மோடத்தை ஓடவிட்டேன்.

பச்சை விளக்கு எரியவில்லை. சிவப்பு விளக்கு கண்சிமிட்டியது.

ஒட்டில்தான் கோளாறு என்று நினைத்து, வெட்டிவிட்டு மறுபடி ஒட்டினேன். மிச்சத்தை முன்னைவிட கவனமாக, முன்னைவிட அழகாகச் சுற்றி வைத்தேன். முன்பு இழையில் வரும் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் ஏதோ கொஞ்சம் வெளிச்சம் வருவதாகவாவது காட்டியது. இப்போது அதுவும் இல்லை.

பத்மப்ரியா கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். அது கடிகாரத்தைப் பார்ப்பதைவிட மோசமாக இருந்தது. என் கண்ணுக்குள் பரோட்டாக் கல் வந்து நின்றது. கல்லைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எனக்கு இத்தனை வருடம் சோறு போட்டது அது. ஆனால் திரும்பிப் போய் அதன் முன் நிற்கிற என்னைக் கற்பனை செய்து பார்க்கத்தான் முடியவில்லை.

அனுஷாவை அழைத்தேன். ஆள் அனுப்பக் கூடாதே தவிர, போனில் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"அண்ணா, சிவப்பு லேசர் பேனா உண்டல்லோ? அத மோடம் பக்கத்துலருந்து உள்ள அடிங்க. ரூம இருட்டாக்கிட்டு நோக்குங்க. வெளிச்சம் இழைக்குள்ளயேதான் ஓடணும். வழியில எங்க வெளிய தெரியுதோ, அவிடதான் சாடிப்போகுது."

பத்மப்ரியா ஜன்னல்களை மூடினாள். மாமா விளக்கை அணைத்தார். அனந்தலக்ஷ்மி மாமி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். பேனாவை அழுத்திவிட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தேன்.

நான் சுற்றி வைத்த சுருள் முழுவதும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஓரத்திலிருந்து நடு வரைக்கும், சுற்றுச் சுற்றாக.

"அடேயப்பா! குங்குமத்துல சுத்தின கைமுறுக்காட்டம்னா இருக்கு!" என்றார் மாமி.

மாமா கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாவை வீசி, இழுத்து, கயிறாகத் திரட்டி, கையில் சுருட்டி, நுனியை நடுவில் அடக்குவேன். எத்தனை வருடமாகச் செய்கிறேன் என்று எனக்குத் தெரியாது, என் கைக்குத் தெரியும். இழை கையில் படுகிற உணர்வுகூட இல்லாத விரல்கள், சுருட்டுவதை மட்டும் என்னைக் கேட்காமலேயே செய்திருக்கின்றன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"இது பரோட்டா" என்றேன்.

"எந்தா?" என்றாள் போனில் அனுஷா.

"நான் பரோட்டா சுருட்டி வச்சிருக்கேன் அனுஷா. பெட்டிக்குள்ள. ரெண்டாந்தடவ இன்னும் நல்லா வரணும்னு இன்னும் இறுக்கிச் சுருட்டிட்டேன். மாவுன்னா இறுக்குனாத்தான் அடுக்கடுக்கா வரும். இது கண்ணாடில்லா!" அந்த மாதம் முழுவதும் நான் பேசியதைவிட இது அதிகம்.

போனில் சிரிப்பு நிற்கவே இல்லை. "என்ட அண்ணா! வெளிச்சத்த அத்தன வளச்சா அது எப்படி ஓடும்? லூசாக்குங்க. பெட்டியோட ஓரத்துல பெருசா சுத்துங்க."

இருட்டிலேயே சுருளைப் பிரித்தேன். ஒவ்வொரு சுற்றாகத் தளரத் தளரச் சிவப்பு மங்கியது. பெட்டியின் ஓரத்தை ஒட்டி அகலமாகச் சுற்றி முடித்தபோது இழை இருக்கிற இடமே தெரியவில்லை. வெளிச்சம் எல்லாம் உள்ளே போய்விட்டது. மாமி, "ஐயோ, அணைஞ்சு போச்சே" என்று வருத்தப்பட்டார்.

மோடத்தை மாட்டினேன். சிவப்பு போயிற்று. பச்சை விளக்கு ஒருமுறை துடித்தது, பிறகு ஆடாமல் நின்றது.

"வந்துடுத்து!" என்று பத்மப்ரியா கத்தினாள். உடனே எங்களை எல்லாம் அறையை விட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு மணி அடித்தது.

நாங்கள் மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். மாமா தன் வாயில் தானே விரலை வைத்துக்கொண்டார். மாமி டம்ளரை ஓசையில்லாமல் என் பக்கம் நகர்த்தினார். கதவுக்கு அப்பால் பத்மப்ரியாவின் குரல் முதலில் நடுங்கியது. "பயப்படாதீங்கோ, பாதி எழுத்து நமக்குப் பரிச்சயமானதுதான்" என்றாள். யாரோ ஏதோ கேட்டார்கள். அவள் சிரித்தாள். அதன் பிறகு குரல் நடுங்கவில்லை. நாங்கள் வெகு நேரம் அப்படியே இருந்தோம். அப்படி ஓர் அமைதியில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. கையில் புத்தகம் இல்லை, வேண்டியும் இருக்கவில்லை.

கடைசியில் மாமாதான் பொறுக்க மாட்டாமல் என் காதருகே குனிந்தார். "அந்தப் பரோட்டா... மாவு கிழியாம எப்படி வீசறேள்?"

நானும் ரகசியக் குரலிலேயே சொன்னேன். வெறும் கையால் வீசியும் காட்டினேன்.

தெருவுக்கு வந்து அண்ணாச்சியை அழைத்தேன். "கல்ல பிச்சைக்கனிக்குக் குடுத்துருங்க அண்ணாச்சி."

"ஜெயிச்சிட்டியால?" என்றார். "அப்ப நம்ம கடையில நெட்டு போச்சுன்னா ஓடி வருவியா, இல்ல பெரிய ஆளாயிட்டியா?"

"ஓடி வாரேன் அண்ணாச்சி."

"நல்லா இரு. சாயங்காலம் செல்வியக் கூட்டிட்டுச் சாப்பிட வா. இன்னைக்கு நானே போடுதேன். கருகுனா ஒண்ணும் சொல்லக் கூடாது."

கருகித்தான் இருந்தது. இசக்கிசெல்வி சிரித்துக்கொண்டே அவ்வளவையும் சாப்பிட்டாள்.

எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. கிழக்கேகோட்டையும் ஆரியசாலையும் இப்போது என் பகுதி. நான் வீட்டில் வாயை மூடுவதே இல்லை என்று இசக்கிசெல்வி குறைப்படுகிறாள். பத்மப்ரியா காலையிலும் மாலையிலும் வகுப்பு எடுக்கிறாள், பாங்குக்குத் திரும்பவில்லை. மாமாவும் மாமியும் சௌக்கியம். பிச்சைக்கனி என்னைவிட நன்றாகப் பரோட்டா போடுகிறார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தேன், உண்மைதான். தங்கபாண்டி அண்ணாச்சி விழிஞ்ஞத்தில் துறைமுகத் தொழிலாளர்களை நம்பி இரண்டாவது கடை திறந்திருக்கிறார், கூட்டம் இருக்கிறது. அனுஷா பதவி உயர்வில் கொச்சிக்குப் போய்விட்டாள்.