நாலு புள்ளியும் ஒரு இட்லிக் கொப்பரையும்

நான் சொல்வதை ஆலந்தலையில் ஒருவரும் நம்புவதில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போன தோணியில் நான் வேலை பார்த்தபோது ஒரு சுறா எங்கள் நங்கூரத்தை விழுங்கி, மூன்று நாள் எங்களை இழுத்துக்கொண்டு போய் மாலத்தீவில் விட்டது. டீசல் மிச்சம். ஆனால் வெங்காயம் கேட்டவன் கொழும்பில் இருந்தான். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு ரெக்சன் மட்டும் சிரிக்காமல் கேட்பான். அதுதான் வினையாகப் போயிற்று.

ரெக்சனுக்கு ஒரு பார் தெரியும். கடலுக்கடியில் பாறை கிடக்கும் இடத்தைப் பார் என்போம். மீன் அங்கேதான் அடையும். அந்த இடத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் காட்டக் கூடாதென்று வள்ளத்தில் தனியாகவே போவான். அப்புறம் மீன்துறை ஆபீஸிலிருந்து வந்து வள்ளத்துக்கு வள்ளம் ஒரு பெட்டி மாட்டினார்கள். வள்ளம் எங்கே நிற்கிறது என்று அது சாட்டிலைட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

"என் பாரை ஊருக்கே படம் போட்டுக் காட்டிருமே மாமா" என்று என்னிடம் வந்து புலம்பினான்.

"ஏலே, இதுக்கா அழுத? ஒரு அலுமினியக் கொப்பரையை அது மேல கவுத்து வை. சாட்டிலைட்டுக்குக் கண்ணு அவிஞ்சிரும். மாலத்தீவுல ஒரு மந்திரி தோணிக்கே நான் அப்படித்தான் செஞ்சு குடுத்தேன்."

மாலத்தீவில் எந்த மந்திரியையும் நான் பார்த்ததில்லை. ஆனால் என் பொய்களில் பலித்தது அது ஒன்றுதான்.

போன வருஷம் ஜூலையில், காற்று பெருத்த ஒரு நாள், ரெக்சன் திரும்பவில்லை. ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, வள்ளம் போன கோடு ஊருக்கு நேர் கிழக்கே நின்றுபோகிறது என்றார்கள். ஐந்து நாள் அங்கேயே தேடினார்கள். ரெக்சன் தெற்கே வளைவதை நான் கரையிலிருந்து பல தடவை பார்த்திருக்கிறேன். "தெக்கே பாருங்க" என்றேன்.

"சுறாவைக் கூப்பிட்டு அனுப்புங்க பெரியவரே, அது தேடட்டும்" என்றான் தேடப்போன படகுக்காரன் நேசக்குமார்.

அப்போது கொப்பரையைச் சொல்லியிருக்கலாம். ஊர் என்னை என்ன செய்யுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். அப்படியே பதினான்கு மாதம் போய்விட்டது.

ரெக்சன் உடம்பு கிடைக்கவில்லை. அவன் பெண்சாதி கிளாடிஸ் பூசை வைக்க ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க கிடக்காருன்னு தெரியாம எந்தப் பக்கம் பாத்து மெழுகுதிரி ஏத்த?" என்று சாமியாரிடமே கேட்டுவிட்டாள்.

மகள் ஈவாஞ்சலின் தூத்துக்குடியில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். அவள் மனுப் போட்டு, பெட்டி அனுப்பிய கணக்கு முழுவதையும் வாங்கிவிட்டாள். அதில் கோடு நின்ற பிறகும் நாலு புள்ளி இருந்தது. தெற்கே பெரியதாழைக்கு நேரே, ஒன்றுக்கொன்று துணையில்லாமல், ரெண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த ப்ரோகிராம் அவற்றைப் பிழை என்று தூரப் போட்டிருந்தது.

அந்த ப்ரோகிராம் யாருக்கும் சொந்தமில்லையாம். பல தேசத்து ஆட்கள் சேர்ந்து சும்மா எழுதி வைத்தது. திருவிழாச் சப்பரம் மாதிரி. தோள் கொடுக்க யாரும் வரலாம், எங்கே திருப்புவது என்று முன்னால் ஒருவர் சொல்லுவார். ஈவாஞ்சலின் தோள் கொடுக்கப் போனாள். துணையில்லாத புள்ளிகளைத் தூரப் போட வேண்டாம், ஏன் ஒதுக்கினோம் என்ற காரணத்தோடு தனியாக எழுதி வைப்போம், அந்த மாற்றத்தை நானே செய்து தருகிறேன் என்று ஒரு ப்ரபோசல் அனுப்பினாள். அது தேறினால் ஆபீஸும் அந்த நாலு புள்ளியைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

முன்னால் நிற்பது ஏதோ குளிர்தேசத்துப் பெண். அவள் பதிலை ஈவாஞ்சலின் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். யோசனை நல்லதுதான், ஆனால் இப்படி வருவதெல்லாம் பெரும்பாலும் பெட்டியின் கோளாறு. நல்ல பெட்டி எதற்காக விட்டு விட்டுப் பேச வேண்டும்? நிஜமான காரணம் ஒன்று காட்ட முடியுமா?

"நீங்க கடல்லயே கிடந்தவருல்லா தாத்தா. ஏன் விட்டு விட்டுப் பேசும்?"

"கணவாய் மீனு ஏறி உக்காந்திருக்கும். கரண்டுச் சூடு அதுக்குச் சொகமா இருக்கும். பசிச்சா எறங்கும், அப்ப பெட்டி பேசும்."

"போங்க தாத்தா" என்று சிரித்தாள். பதினான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. ரெக்சனுக்கு இருந்த அதே முன்பல் இடைவெளி. அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"ஏளா, கொப்பரைளா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பதையும், அலை அடித்தால் கொப்பரை நழுவும், நழுவினால் பெட்டி பேசும், உங்கப்பன் திரும்ப எடுத்துக் கவிழ்ப்பான் என்பதையும்.

அவள் இன்னும் கூடச் சிரித்தாள். "இதுக்குக் கணவாயே தேவல!"

எழுபத்தெட்டு வயதில் ஒரு நிஜம் சொன்னேன். அதற்கும் அதே முகம்தான் என்னிடம் இருந்தது.

அடுப்படி வாசலில் கிளாடிஸ் நின்றுகொண்டிருந்தாள்.

"என் இட்லிக் கொப்பரை" என்றாள். "அதைக் காணோம்னு உன்னையத்தானளா ஏசினேன். ஹாஸ்டலுக்குத் தூக்கிட்டுப் போயிட்டன்னு."

சிரிப்பு நின்றது. ரெண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

ஈவாஞ்சலின் லேப்டாப்பைப் பார்த்தபடியே கேட்டாள்: "அதுல எத்தன இட்லி வேகும்மா?"

"பதினாறு."

அவள் தட்டெழுத ஆரம்பித்தாள்.

ஒன்பதாவது நாள் ப்ரபோசலை ஏற்றுக்கொண்டார்கள். ஒதுக்கிய புள்ளிகளுக்கான காரணப் பட்டியலில், பேட்டரி குறைவு, நேரம் தவறு என்பவற்றுக்குக் கீழே, 'மேலே ஏதோ மூடியிருக்கிறது' என்று ஒரு புது வரி சேர்ந்தது. அவள் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில் நேசக்குமார் படகில் நாலாவது புள்ளிக்குப் புறப்பட்டார்கள். பூவும் மெழுகுதிரியும் சாமியாரும் ஏறியாயிற்று. நானும் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்தேன்.

"நீங்க வேண்டாம் மாமா" என்றாள் கிளாடிஸ். சத்தமே இல்லாமல்தான் சொன்னாள். கையை எடுத்துவிட்டேன்.

நனைந்த வேட்டியோடு டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். "என்ன பெரியவரே, சுறா எதுவும் வந்துச்சா? ஒண்ணு எடுத்து விடுங்க" என்றார் கடைக்கார வன்னியபெருமாள் அண்ணாச்சி.

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி" என்றேன்.

அவர் நம்பவில்லை. டீயை ஆற்றியபடி, கதைக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.